சேஸிஸ் யாருக்குச் சொந்தம்?

வரைபடம் ஆவடியில் பிறந்தது. இரும்பை வெட்டி வண்டியாக்கியது குஜராத் மாநிலம் ஹஜிராவில் உள்ள லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனியின் ஆலை. மேலே உட்கார்ந்த பீரங்கிக் கூண்டு பெல்ஜியத்து ஜான் காக்கரில் கம்பெனியின் சரக்கு. உள்ளே ஓடிய எஞ்சின் அமெரிக்கக் கம்மின்ஸ் கம்பெனியின் சரக்கு. 2024 ஜூலையில் நாட்டுக்குக் காட்டப்பட்ட 'ஜொராவர்' என்ற இலகு டாங்கியின் ஜாதகம் இதுதான். 25 டன் எடை. லடாக் மலைகளில் ஏறுவதற்கென்றே செய்த வண்டி. "சுதேசி டாங்கி" என்று முழக்கம் எழுந்தது.

திருப்பூர்த் தொழிலாளிகள் இந்த ஜாதகத்தைப் படித்தால் உடனே நம் ஊர் ஞாபகம்தான் வரும். ஆர்டர் ஒருவர் கையில். நூல் ஒருவர் கையில். சாயம் ஒருவர் கையில். லேபிள் கடலுக்கு அப்பால் இருப்பவன் கையில். ஓவர்லாக் மிஷினில் குனிந்து உட்கார்ந்து தைக்கிறவர் கையில் பீஸ் ரேட் மட்டும். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது என்ன பார்த்தோம்? கையெழுத்து வாஷிங்டனில், ஆர்டர் நின்றது திருப்பூரில். ஷிப்ட் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தது யார்? லேபிளுக்குச் சொந்தக்காரனா?

"அது சரி, டாங்கிக்கும் பனியனுக்கும் என்ன சம்பந்தம்? காங்கேயத்தில் களை எடுக்கிறவர்களுக்கும் பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர்களுக்கும் ராணுவ வண்டியைப் பற்றி என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நாமக்கல் பட்டறையும் ராணுவப் பட்டறையும்

முதலில் சேஸிஸ் என்றால் என்ன? நம் வட்டாரத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேல்கூடு எதுவும் இல்லாமல், எஞ்சினும் சக்கரமும் சட்டமும் மட்டுமாக, டிரைவர் வெயிலிலும் காற்றிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டி வருகிற வண்டியை சேலம் ரஸ்தாவில் பார்க்காதவர் உண்டா? அது நாமக்கல் பட்டறைக்குப் போனால் லாரி. கரூர் பட்டறைக்குப் போனால் பஸ். திருச்செங்கோட்டுக்குப் போனால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. சேஸிஸ் ஒன்றுதான். அதன் தலையில் என்ன ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் பிழைப்பு மாறுகிறது.

ராணுவத்திலும் இதே கதைதான். எஞ்சின், கியர் பெட்டி, இரும்புப் பட்டைச் சங்கிலி, அதற்குள் உருளும் சக்கரங்கள், கீழ்த்தொட்டி. டாங்கியின் சேஸிஸ் இவ்வளவே. அதன் மேல் சுழலும் கூண்டையும் பீரங்கியையும் வைத்தால் டாங்கி. கூண்டை எடுத்துவிட்டு நீளமான பீரங்கியை வைத்தால் தானே நகரும் பீரங்கி வண்டி. மடக்குப் பாலத்தை வைத்தால் ஓடையைத் தாண்ட வைக்கும் பால வண்டி. கிரேனை வைத்தால் சேற்றில் சிக்கியதை இழுக்கும் மீட்பு வண்டி. ஸ்ட்ரெச்சர்களை வைத்தால் ஆம்புலன்ஸ். முன்னால் மண் தள்ளும் தகட்டை மாட்டினால் புல்டோசர்.

கனரக டாங்கியை விட்டுவிட்டு, இலகு டாங்கியின் சேஸிஸை ஏன் இதற்கெல்லாம் தேடுகிறார்கள்? எடைதான் காரணம். ஆவடியில் செய்யும் டி-90 டாங்கி சுமார் 46 டன். அர்ஜுன் அதைவிடக் கனம். அவ்வளவு பாரத்தைக் கிராமத்துப் பாலம் தாங்காது, மலைப்பாதை தாங்காது. பத்துப் பதினைந்து டன் வண்டியோ சகதியில் போகும், விமானத்தில் ஏறும். அதோடு, வண்டிகள் பல தினுசானாலும் உதிரிப் பாகம் ஒரு தினுசு. ஒரு மெக்கானிக்கின் கை ஒரு வண்டியில் பழகிவிட்டால் அந்தக் குடும்பத்து வண்டி அத்தனையையும் பிரித்துப் பூட்டிவிடுவார். செலவு மிச்சம், காலம் மிச்சம்.

வயலில் பிறந்தது

இந்தச் சங்கிலிப் பட்டை வண்டி ராணுவ தளபதியின் மூளையில் பிறந்ததல்ல. அது வயலில் பிறந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் ஸ்டாக்டன் பக்கம் உளை மண். சக்கர டிராக்டர் இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். 1904-ல் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பலகை கோத்த சங்கிலியை மாட்டி ஓட்டிப் பார்த்தார். டிராக்டர் புதையாமல் ஓடியது. உழவுக்கென்று செய்த அந்த டிராக்டரைத்தான் முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் ராணுவம் பீரங்கி இழுக்க வாங்கியது. சேற்றில் அது ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு, அதற்கு இரும்புக் கவசம் போட்டால் என்ன என்ற யோசனை பிறந்தது. 1916 செப்டம்பரில் பிரான்சில் சோம் போர்க்களத்தில் முதல் டாங்கிகள் உருண்டன. ஏர் இழுக்க வந்தது எமனாக மாறிற்று.

திரும்பி வந்ததும் உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷ் சர்க்கார் ஆப்பிரிக்காவில் டாங்கனிகா நாட்டில் லட்சக்கணக்கான ஏக்கரில் நிலக்கடலை போடப் போவதாகக் கிளம்பியது. மிஞ்சிக் கிடந்த ஷெர்மன் டாங்கிகளை விக்கர்ஸ் கம்பெனி டிராக்டராக மாற்றிக் கொடுத்தது. நடந்தது என்ன? மழை குறைந்த பூமி. வெயிலில் சிமெண்டாக இறுகும் களிமண். அந்த மண்ணைக் கட்டி ஆண்ட ஜனங்களை ஒருவரும் கேட்கவில்லை. லண்டனில் மேஜைமேல் போட்ட திட்டம் 1951-ல் கைவிடப்பட்டது. 3 கோடி பவுனுக்கு மேல் மண்ணாய்ப் போயிற்று. கடலை விதைத்துப் பழகிய நம் தாராபுரத்து விவசாயத் தொழிலாளியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்: எந்த மண்ணில் கடலை இறங்கும், எந்த மண்ணில் விழுது அறும் என்று.

சேஸிஸுக்கு நல்லது கெட்டது தெரியாது. தலைமேல் எதை ஏற்றினாலும் சுமக்கும். அப்படியானால் எதை ஏற்றுவது என்று தீர்மானிப்பது யார்? கேள்வியின் உயிர்நாடி இதுதான்.

கார்க்கி நகரத்து ஆலை

இலகு டாங்கி சேஸிஸுக்கு உலகமே பேசிய உதாரணம் ஒன்று உண்டு. 1942-ல் சோவியத் நாட்டில் ஹிட்லர் படை உள்ளே புகுந்து நிற்கிறது. மோட்டார் ஆலைகளில் டி-70 என்ற இலகு டாங்கி செய்துகொண்டிருந்தார்கள். அதில் இரண்டே ஆட்கள். ஒருவர் ஓட்ட, மற்றவரே குண்டு போட வேண்டும், குறி பார்க்க வேண்டும், சுட வேண்டும். துப்பாக்கியும் சிறிது. ஜெர்மன் டாங்கிக்கு முன்னால் இது எடுபடவில்லை. ஆனால் பெரிய டாங்கி செய்வதற்கு வேண்டிய ராட்சத மிஷின்கள் அந்த ஆலைகளில் இல்லை.

என்ன செய்தார்கள்? இருக்கிற சேஸிஸைக் கொஞ்சம் நீட்டினார்கள். பக்கத்துக்கு ஐந்தாக இருந்த சக்கரத்தை ஆறாக்கினார்கள். கூண்டை எடுத்துவிட்டு 76 மில்லிமீட்டர் பீரங்கியை ஏற்றினார்கள். எஸ்.யு.-76 பிறந்தது. எடுத்த எடுப்பில் சரியாக வந்துவிடவும் இல்லை. முதல் மாதிரியில் இரண்டு எஞ்சின்களைப் பக்கம் பக்கமாக வைத்திருந்தார்கள். கியர் பெட்டிகள் உடைந்தன. 1943-ல் எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி வைத்த பிறகுதான் வண்டி நின்று உழைத்தது. அதே 1943 ஜூனில் ஜெர்மன் விமானங்கள் கார்க்கி நகரத்து ஆலையின்மேல் குண்டு மாரி பொழிந்தன. ஆலை மறுபடி எழுந்தது. யுத்தம் முடிவதற்குள் 14,000-த்துக்கும் அதிகமான எஸ்.யு.-76 வண்டிகள் வெளியே வந்தன. மேற்கூரை கிடையாது, பனியும் மழையும் சிப்பாயின் தலைமேல். கவசமும் மெல்லியது. குறையுள்ள வண்டிதான். ஆனாலும் காலாட்படைக்குப் பக்கத்திலேயே பீரங்கி வந்து நின்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சேஸிஸின் வரைபடமும் ஆலையும் கைப்பழக்கமும் ஒரே இடத்தில், அவர்கள் கையிலேயே இருந்தன. ஆகவே உடைந்ததைத் தாங்களே மாற்ற முடிந்தது. "எஞ்சினை இப்படித் திருப்பி வைக்கலாமா?" என்று எந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் தந்தி அடித்துக் காத்திருக்கவில்லை.

வாங்கியதும் செய்ததும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1948-ல் காஷ்மீரத்தின் ஜோஜிலா கணவாய். சுமார் 3,500 மீட்டர் உயரம். அதுவரை அவ்வளவு உயரத்துக்கு யாரும் டாங்கி கொண்டுபோனதில்லை. 7-வது இலகு குதிரைப்படையின் ஸ்டூவர்ட் இலகு டாங்கிகளை, கூண்டைக் கழற்றி மறைத்து, இரவோடிரவாகக் கொண்டு சேர்த்தார்கள். நவம்பர் 1-ந் தேதி அவை கணவாயில் ஏறின. வெற்றிக் கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த டாங்கி எந்தப் பாதையில் ஏறிற்று? கோவேறு கழுதை போகும் தடத்தை வெட்டி அகலப்படுத்தி, டாங்கி போகும் பாதையாக்கியவர்கள் மெட்ராஸ் சேப்பர்கள். தென்னாட்டுக் கிராமங்களிலிருந்து போன பிள்ளைகள். கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்துப் பழகிய கைகள்.

ஸ்டூவர்ட் அமெரிக்கச் சரக்கு. அதற்குப் பிறகு வந்தது பிரான்சு நாட்டின் ஏ.எம்.எக்ஸ்.-13. பேரிலேயே எடை இருக்கிறது: 13 டன். 1962 அக்டோபரில் அதை விமானத்தில் ஏற்றி லடாக்கின் சுஷூலில் இறக்கினார்கள். 1965 செப்டம்பரில் சம்ப் பகுதியில் அமெரிக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்திருந்த பேட்டன் டாங்கிகளுக்கு முன்னால் இந்தச் சின்ன டாங்கிகளே நிற்க வேண்டி வந்தது. இதே சேஸிஸில் பிரான்சு என்னென்ன செய்தது தெரியுமா? 105 மில்லிமீட்டர் பீரங்கி வண்டி செய்தது. படையாட்களை ஏற்றும் வண்டி செய்தது. பால வண்டி, மீட்பு வண்டி செய்தது. ஒரு சேஸிஸ் அங்கே ஒரு குடும்பமாகப் பெருகியது. நாம் வாங்கியது டாங்கியை. குடும்பம் அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தது.

அடுத்தது சோவியத் பி.டி.-76. தண்ணீரில் நீந்தும் இலகு டாங்கி. 1971 நவம்பரில் கரீப்பூரில் இது சண்டையிட்டது. பஞ்சாபிச் சிப்பாய்கள் இதற்கு 'பிப்பா' என்று பெயர் வைத்தார்கள். காலி நெய் டின் மாதிரி மிதக்கிறதாம்! இந்தச் சேஸிஸிலிருந்தும் சோவியத் நாட்டில் ஆட்களை ஏற்றும் வண்டியும், ராக்கெட் வண்டியும், விமானத்தைச் சுடும் நான்கு குழல் 'ஷில்கா' வண்டியும் பிறந்தன. ஷில்காவையும் நாம் வாங்கத்தான் செய்தோம்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 1961-ல் ஆவடியில் சர்க்கார் கனரக வாகனத் தொழிற்சாலையைத் தொடங்கியது. எச்.வி.எஃப். என்றால் சென்னைப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். 1965-ல் அங்கிருந்து 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது. மூல வரைபடம் பிரிட்டிஷ் விக்கர்ஸ் கம்பெனியுடையதுதான். ஆனால் செய்யும் கை நம்முடையது, ஆலை நம்முடையது. விளைவு என்ன? அதே விஜயந்தா சேஸிஸை நீட்டி 130 மில்லிமீட்டர் பீரங்கியை ஏற்றி 'கேட்டபுல்ட்' செய்தார்கள். அதே சேஸிஸில் பாலத்தை ஏற்றி 'கார்த்திக்' செய்தார்கள். விஜயந்தா இலகு டாங்கி அல்ல; என்றாலும் பாடம் ஒன்றே.

மேதக்கிலும் அதுவே நடந்தது. 1980-களில் அங்கே பொதுத்துறைத் தொழிற்சாலை வந்தது. சோவியத் பி.எம்.பி.-2 வண்டியை 'சரத்' என்ற பெயரில் செய்யக் கற்றார்கள். இலகு டாங்கியின் சேஸிஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்கது அது. கற்றுக்கொண்டதும் அதே சேஸிஸில் மோர்ட்டார் வண்டி வந்தது. கவச ஆம்புலன்ஸ் வந்தது. தண்ணீரில் இறங்கி மண் தள்ளும் புல்டோசர் வந்தது. நாக் ஏவுகணை வண்டி வந்தது.

வாங்கிய சேஸிஸ் வாங்கிய மாதிரியே தேய்ந்து பழைய இரும்பாயிற்று. செய்த சேஸிஸ் குடும்பமாகப் பெருகிற்று. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

2021-ல் நடந்தது

இப்படிப் பெருகிய குடும்பத்தைத்தான் கூறு போட்டார்கள். 2020 மே மாதம், ஜனங்கள் கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, படைக்கலத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக மாற்றப்போவதாக நிதியமைச்சர் அறிவித்தார். தொழிலாளர்கள் இதைக் கேட்டு அன்றுதான் விழித்தவர்கள் அல்ல. 2019 ஆகஸ்ட்டிலேயே இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள். 2021-ல் மறுபடி காலவரையற்ற வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். செங்கொடிச் சங்கம் மட்டுமல்ல, ஆளுங்கட்சிக்கு வேண்டிய சங்கமும் சேர்ந்தே எதிர்த்தது.

சர்க்கார் என்ன செய்தது? பேச்சுவார்த்தையில் பதில் சொன்னதா? இல்லை. 2021 ஜூன் 30-ந் தேதி அவசரச் சட்டம் போட்டது. ராணுவத் தளவாட உற்பத்தியில் வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு சிறை; தூண்டினால் இரண்டாண்டு சிறை. ஆகஸ்ட்டில் அது பார்லிமெண்டில் சட்டமாயிற்று. வாயைக் கட்டிய பிறகு வெட்டு விழுந்தது. அக்டோபர் 1-ந் தேதி 41 தொழிற்சாலைகள் 7 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. ஆவடியும் மேதக்கும் ஒரு கம்பெனியில்; ஆவடியிலேயே பக்கத்தில் இருக்கும் ராணுவ உடைத் தொழிற்சாலை வேறு கம்பெனியில். 70,000-த்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே இரவில் கம்பெனிக்கு 'அயல்பணி'யில் போனவர்களாக ஆனார்கள். உட்கார்ந்த நாற்காலி அதே; நிற்கும் மிஷின் அதே; ஆனால் சொந்த ஆலையிலேயே அயலார்! முதலில் இரண்டாண்டுக்கு என்றார்கள்; பிறகு தவணை தவணையாக நீட்டினார்கள். வாடகை வீட்டில் மாதாமாதம் "காலி செய்யச் சொல்வானோ" என்று நடுங்குகிறவனின் நிலை இது.

வேலைநிறுத்தத் தடைச் சட்டத்துக்கு ஓராண்டு ஆயுள்தான் வைத்திருந்தார்கள். "காலாவதி ஆகிவிட்டதே, இனி என்ன?" என்று கேட்க வேண்டாம். ஒருமுறை வெட்டிய வாய்க்காலில் மறுமுறை தண்ணீர் விடுவது சுலபம். திருப்பூர்த் தோழர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். 1984-ல் பஞ்சப்படிக்காக நம் பனியன் தொழிலாளிகள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உலை வைக்க அரிசி இல்லாத வீட்டிலும் உறுதி குலையவில்லை. அன்று இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால்? 127 நாளும் சிறையில் கழிந்திருக்கும். பஞ்சப்படி கனவில்தான் வந்திருக்கும். இன்று ஆவடிக்காரனுக்குப் போட்ட பூட்டின் சாவி, நாளை நம் வீட்டுக் கதவுக்கும் சேரும்.

அவர்கள் சொல்லும் வாதங்கள்

"சர்க்கார் ஆலை என்றால் தாமதம், அர்ஜுன் டாங்கிக்கு 1974-ல் அனுமதி கொடுத்தார்கள், 2004-ல்தான் படைக்கு வந்தது, ஜொராவரைப் பாருங்கள், இரண்டே வருஷத்தில் முதல் வண்டி வந்துவிட்டது" என்கிறார்கள்.

அர்ஜுன் தாமதமானது உண்மை. மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முப்பது வருஷத்தில் படை தன் தேவையை எத்தனை முறை மாற்றியது, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் எத்தனை காலம் வெளிநாட்டை நம்பியிருந்தோம் என்பதையும் சேர்த்தல்லவா கணக்குப் பார்க்க வேண்டும்? தாமதத்துக்குப் பட்டறையில் நிற்கும் ஃபிட்டரா காரணம்? ஜொராவர் சீக்கிரம் வந்தது எப்படி? அதன் வரைபடம் போட்டது ஆவடியில் உள்ள சர்க்காரின் போர் வாகன ஆராய்ச்சி நிலையம். 1976 முதல் பொதுப் பணத்தில், பட்டும் கெட்டும் கற்ற வித்தை அது. தாமதத்தின் செலவைப் பொதுத்துறை சுமந்தது. வேகத்தின் லாபம் யாருக்கு? முப்பது வருஷம் கன்றைத் தண்ணீர் காட்டி வளர்த்தவன் ஒருவன். கறவைக்கு வந்ததும் சொம்பு எடுத்து வந்தவன் ஒருவன். 2022 டிசம்பரில் ஒப்புதல் ஆன எண்ணிக்கை 354 டாங்கிகள். அது சின்ன ஆர்டரா?

இரண்டாவது வாதம் நமக்கு இன்னும் நெருக்கமானது. "ராணுவ உடையைச் சர்க்கார் ஆலையில் தைப்பானேன்? வெளியே விட்டால் திருப்பூருக்கு வேலை வருமே?" என்கிறார்கள். கேட்க இனிக்கிறது. வேலை இல்லாத வீட்டில் இந்த வார்த்தைக்கு மயங்குவதும் இயற்கை. ஆனால் கணக்குப் போடுங்கள். ஆவடி உடைத் தொழிற்சாலையில் தைக்கிற பெண்ணுக்கு மாதச் சம்பளம் உண்டு, பிரசவ விடுப்பு உண்டு, பி.எஃப். உண்டு, ஈ.எஸ்.ஐ.க்குப் பதில் சர்க்கார் வைத்தியம் உண்டு. அதே சட்டையை நம் ஊரில் சப்-காண்ட்ராக்டில் தைத்தால்? பீஸுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். பி.எஃப். என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். அக்காவின் இலையில் இருந்த சோற்றை எடுத்து, அதில் கால்பங்கைத் தங்கையின் இலையில் வைத்து, முக்கால்பங்கை இடுப்பில் முடிந்துகொள்கிறவன் தங்கைக்கு உபகாரியா?

திருப்பூருக்கு வேலை வேண்டும். அதில் சந்தேகமில்லை. அது ஆவடியின் சம்பளத்தோடும் ஆவடியின் உரிமையோடும் வரட்டும். ஆவடியைத் திருப்பூராக்குவது நமக்கு வெற்றி அல்ல. திருப்பூரை ஆவடி ஆக்குவதே வெற்றி.

எதை ஏற்றுவது?

உழைப்பாளிக்கு யுத்த வெறி கிடையாது. எந்தத் தேசத்து யுத்தத்திலும் முதலில் சாகிறவன் கூலிக்காரன் மகனும் குடியானவன் மகனும்தான். ஆகவே நாம் டாங்கிக்கு மாலை போட வரவில்லை. சேஸிஸ் நம் கையில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது.

2024 ஜூலை 30-ந் தேதி அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் குடும்பங்கள் தூக்கத்திலேயே மண்ணுக்குள் போயின. சூரல்மலையில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அக்கரையில் தவித்த ஜனங்களிடம் மண் அள்ளும் மிஷினைக் கொண்டுபோக வழியில்லை. அங்கே 190 அடி நீளத்துக்கு இரும்புப் பாலம் போட்டுக் கொடுத்தவர்கள் யார்? அதே மெட்ராஸ் சேப்பர்கள். 1948-ல் ஜோஜிலாவில் டாங்கிக்குப் பாதை வெட்டிய அதே படைப்பிரிவு. ராத்திரி பகலாக உழைத்து ஆகஸ்ட் 1-ந் தேதி பாலத்தை முடித்தார்கள். அன்று அந்த ஜனங்களுக்கு வேண்டியிருந்தது பீரங்கி அல்ல. பாலம், புல்டோசர், ஆம்புலன்ஸ்.

இலகு டாங்கி சேஸிஸின் தலையில் இவையெல்லாம் ஏறும் என்று மேதக்கும் ஆவடியும் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கின்றன. சகதியிலும் வெள்ளத்திலும் போகிற ஆம்புலன்ஸ், சரிந்த மண்ணைத் தள்ளுகிற வண்டி, ஓடையைத் தாண்ட வைக்கிற பால வண்டி. பெருவெள்ளம் வராத வருஷம் தமிழ்நாட்டில் எது? மலை சரியாத மழைக்காலம் நீலகிரியில் எது? இவை ஜில்லாவுக்குச் சில என்று இருந்தால் எத்தனை உயிர் மிஞ்சும்? ஆனால் லாபத்துக்கு வண்டி செய்கிறவன் இதைச் செய்வானா? பீரங்கிக்கு ஆர்டர் பெரிது; ஆம்புலன்ஸுக்கு ஆர்டர் சிறிது. சேஸிஸ் பொதுச் சொத்தாக இருந்தால்தான், அதன் தலையில் எதை ஏற்றுவது என்று ஜனங்கள் கேட்க முடியும். தனியாரின் சொத்தாகிவிட்டால் கேள்வி கேட்கும் உரிமையும் அதோடு விற்பனையாகிவிடும்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது:

பொதுப் பணத்தில் போட்ட வரைபடம் பொதுச் சொத்து. ஜொராவர் சேஸிஸை ஆவடியிலும் மேதக்கிலும் செய்ய ஆர்டர் கொடுக்க வேண்டும்.

அதே சேஸிஸில் ஆம்புலன்ஸ், பாலம், புல்டோசர் வண்டிகளையும் செய்து, வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் தயாராக வைக்க வேண்டும்.

படைக்கலத் தொழிலாளிகள் ஓய்வு பெறும் வரை மத்திய சர்க்கார் ஊழியர்களே என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். தவணை நீட்டிப்பு விளையாட்டு வேண்டாம்.

வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கும் சட்டம் எந்தப் பெயரிலும் மறுபடி வரக்கூடாது.

ஆவடித் தொழிலாளிகள் இந்தக் கோரிக்கைக்காக வாயிற்கூட்டம் போடும்போது, திருப்பூரின் பனியன் கம்பெனி வாசல்களிலும் பல்லடத்தின் தறிக்கூடங்களிலும் காங்கேயம், தாராபுரம் கிராமங்களிலும் இதே பேச்சு எழ வேண்டும். சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்குங்கள். பக்கத்து மிஷினில் இருக்கும் தோழியிடம் டீ இடைவேளையில் சொல்லுங்கள். அவர் உழைப்பில்தான் இந்த நாட்டின் எல்லா வண்டியும் ஓடுகிறது. தலையில் எதை ஏற்றுவது என்று சொல்லும் பாத்தியதையும் அவருக்கே!